கோயிலுக்கென்று வைத்த பிடியரிசி

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தில்தான் இத்தனை வருடமாகச் சாட்சி சொல்ல எழும்பாமல் இருந்தேன்.

நான் முள்ளிவாய்க்கால் கரையில் இருக்கிறேன். என் மனுசன் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீடுகளில் பிடியரிசி வைப்போம். சமைக்க அரிசி எடுத்தால் முதலில் ஒரு பிடி அள்ளி ஒரு தகரப் பேணியில் போட்டு மூடிவிடுவோம். ஞாயிறு பூசைக்குக் கொண்டு போவோம். இல்லாத குடும்பங்களுக்குக் கோயில் அதைக் கொடுக்கும். கலியாணம் கட்டிய நாள் முதல் ஒரு நேரமும் தவறாமல் போட்டவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2009 சித்திரை மாதம், சண்டையின் கடைசி நாட்கள். பதுங்கு குழிக்குள் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளும். அரிசி குறைந்துகொண்டே வந்தது. அப்போதும் நான் பிடியரிசியை நிறுத்தவில்லை. பால்மாப் பேணி முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஒரு பின்னேரம், கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலில் வந்து குனிந்தாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்தது போல ஒரு காயம். குழந்தை அழவில்லை. அழ அதற்குத் தென்பு இல்லை.

“அக்கா, ஒரு பிடி அரிசி இருக்கோ? பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச.”

“இல்லை தங்கச்சி.”

அவள் பேணியைப் பார்த்தாள்.

“அது கோயிலுக்கு” என்றேன்.

“சாமிக்கு வைச்சதெண்டா வேண்டாம் அக்கா.”

கோபமே இல்லாமல் சொன்னாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த நேரம் எங்கள் கோயிலுக்குக் கூரையே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பேணியைத் திறந்தால் நாளைக்கு என் பிள்ளைகளுக்கு என்ன என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குக் கடவுளைச் சாக்காகச் சொன்னேன். விடியச் செல் விழுந்து வெடித்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். பேணி மண்ணுக்குள் போனது. அந்த அரிசி கோயிலுக்கும் போகவில்லை, என் பிள்ளைகளுக்கும் உதவவில்லை, அந்தக் குழந்தைக்கும் கிடைக்கவில்லை.

என் பிள்ளைகளை ஆண்டவர் உயிரோடு தந்தார். நன்றி சொல்ல முழந்தாளிட்டால் அந்தக் குரல்தான் காதில் விழும். ஒரு பிடி இருக்கோ? ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எந்தப் பெண்ணைக் கண்டாலும் முதலில் புருவத்தைப் பார்ப்பேன். கோயிலுக்கு மெழுகுதிரி கொடுத்தேன், பீடத்துக்குத் துணி தைத்துக் கொடுத்தேன். பிடியரிசி மட்டும் போட முடியவில்லை. அள்ளிய பிடியை உலையிலேயே போட்டுவிடுவேன். “ஆண்டவரே, என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் காட்டும்” என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். வருடங்கள்தான் போயின.

போன கார்த்திகை மழையில் விசுவமடுப் பக்கம் வெள்ளம். சனங்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். எங்கள் கோயில் பெண்கள் பிடியரிசியைச் சேர்த்துச் சமைத்துக் கொண்டு போனார்கள். சோறு போட வேண்டியவளுக்குக் காய்ச்சல். பாதர் என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அகப்பையைப் பிடித்துக்கொண்டு, முகங்களைப் பார்க்காமல் தட்டுகளை மட்டும் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இன்னும் ஒரு பிடி இருக்கோ? மகள் பின்னாலை வாறாள்.”

நிமிர்ந்தேன். அதே பிளந்த புருவம். தலை நரைத்திருந்தது.

அவளுடைய தட்டை நிரப்பினேன். அகப்பையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, பின்னாலேயே போய் அவள் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “இல்லையெண்டு சொன்னது நான்தான்” என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு ஞாபகமில்லை அக்கா. எத்தினை பேரிட்டைக் கேட்டனான். இல்லையெண்டவையை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது? அண்டைக்கு ஒரு அம்மா, தன்ரை பிள்ளையளின்ரை கஞ்சியிலை பாதியை ஊத்தித் தந்தவா. அவாவின்ரை முகம்தான் நிக்குது.”

மறந்துதான் போனாளோ, எனக்காக மறந்தாளோ, தெரியாது. அதற்குள் அவள் மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். என் மகளின் உயரம். தாயின் தட்டிலிருந்து குழைத்து, நல்ல பசியோடு சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு கவளமாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆண்டவர் என் கேள்விக்கு அங்கேதான் பதில் சொன்னார். அவருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் குரல் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது நானில்லை. அவள் மனதில் நிற்கிற அந்த முகம் என்னுடையதாக இருந்திருக்கலாம். கஞ்சி ஊற்றித் தர அப்படி ஒரு அம்மாவைச் சந்திக்காத பிள்ளைகளும் அந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. குரலை நிறுத்தச் சொல்லி இப்போது நான் ஜெபிப்பதில்லை. கேட்டவுடன் எழும்பிப் போகக் கால் தாரும் என்றுதான் கேட்கிறேன்.

திரும்பவும் பிடியரிசி போடுகிறேன். ஞாயிறு வரைக்கும் காத்திருப்பதில்லை. பேணியின் மூடியை எறிந்துவிட்டேன். “எலிக்கும் சேர்த்தோ வைக்கிறாய்?” என்று மனுசன் பகிடி பண்ணுகிறார். பண்ணட்டும். கையில் இருக்கிற பிடியைக் கடவுளுக்கென்று மூடி வைத்திருக்கிற சகோதரங்களே, திறவுங்கோ. நாளைக்கு என்ன என்ற பயம் எனக்கும் தெரியும். அந்தப் பயத்தை அவரிடமே விட்டுவிட்டுத் திறவுங்கோ.

போன கிழமை பக்கத்து வீட்டு வளவுப் பெண் அரிசி கேட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். பேணியைக் கண்டு தயங்கினாள்.

“அது கோயிலுக்கு வைச்சதெல்லோ அக்கா?”

“ஓம், கோயிலுக்குத்தான்” என்றேன். “கொண்டு போங்கோ.”