கல்யாண மண்டபத்தில் விமான இருக்கை

கேள்வி கேட்டுப் பிழைக்கிற தொழிலில் பெரிய சங்கடம், பதில் சொல்ல வேண்டியவர் நம்மையே திருப்பிக் கேட்டுவிடுவதுதான். கருத்துக் கணிப்புக்காக வெயிலில் வீடு வீடாகப் படியேறியவர்களுக்கு இது தெரியும். நீங்கள் சோப்புக்கும் டீத்தூளுக்கும் அலைந்திருப்பீர்கள். நான் விமானத்துக்கு அலைந்தேன்.

புதிதாகத் தொடங்கிய ஒரு விமானக் கம்பெனி, திருவனந்தபுரத்திலிருந்து இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டருக்கு நேராக, மலிவு விலையில் விமானம் விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நிறைய. அவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வேலை கொடுத்தார்கள். அங்கே மேலாளர் பிரவீன். இங்கே பாளையங்கோட்டையில் நான், எஸ்தர். முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். துணைக்கு வேன் ஓட்டுகிற இசக்கியப்பன். நான் அதுவரை விமானமே ஏறியதில்லை. அதனால் கேட்கச் சொன்னதற்கு மேலேயும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வடக்கே போய் மேற்கே

சீவலப்பேரியில் சுடலைமுத்து அண்ணாச்சி நெல் வயலிலிருந்து அப்போதுதான் கரையேறி வந்தார். மகள் ஷார்ஜாவில் இருக்கிறாள். போன வருஷம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மருமகன் மலிவாகக் கிடைத்ததென்று தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஷார்ஜா என்று டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான். "வழியில் விமானம் மாறுவது உங்களுக்குச் சம்மதமா?" என்று நான் படித்தேன். அவர் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, "மேக்க இருக்கிற ஊருக்கு எதுக்கும்மா வடக்க கொண்டு போறான்?" என்றார்.

பூகோள டீச்சர் விழித்துக்கொண்டாள். சின்ன ஊர்களில் பெரிய விமானத்தை நிரப்ப ஆள் போதாது, அதனால் எல்லா ஊர் ஆட்களையும் ஓர் இடத்தில் கூட்டி, அங்கிருந்து பிரித்து அனுப்புகிறார்கள் என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி கோடுகளைக் குனிந்து பார்த்தார். "எங்க டவுண் பஸ்சும் இதே கததான். சங்சனுக்குப் போயித்தான் எங்கயும் போவ முடியும். ஆனா அதுக்குச் சம்மதமான்னு இதுவரைக்கும் ஒருத்தன் வந்து கேட்டதில்லம்மா."

கொழும்புக்குப் போகிற பெட்டி

தூத்துக்குடியில் லூர்து அண்ணாச்சி கப்பலில் வேலை பார்க்கிறவர். எந்த நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதோ அங்கே பறந்துபோய் ஏற வேண்டும். உலகத்தில் உள்ள பெரிய விமான நிலையங்களில் எல்லாம் நாற்காலியில் தூங்கியிருக்கிறார். நான் சுடலைமுத்து அண்ணாச்சிக்குச் சொன்ன விளக்கத்தை இவரிடமும் எடுத்துவிட்டேன். சிரித்தார். இங்கிருந்து கிளம்புகிற சரக்குப் பெட்டிகளில் பாதிக்கு மேல் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகின்றன என்றார். பெட்டிக்குத் தூக்கம் வராது, கக்கூஸ் எங்கே என்று அது தேடாது, மனுசனைப் பெட்டி மாதிரி மாற்றி மாற்றி ஏற்றுவது பாவம் என்று வெகுநேரம் பேசினார். நேர் விமானத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

கடைசியில் எது வேண்டும் என்று கேட்டபோது, "வழியில ஒருதடவ மாறுறதப் போட்டுக்க பிள்ளே" என்றார். இவ்வளவு நேரம் பேசியது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பெட்டிக்கு நடுவுல எறங்கி ஒரு டீ குடிக்கத் தோணாது. எனக்குத் தோணுதுல்லா?"

முட்டியும் கைப்பிடியும்

அடுத்த கட்டம்தான் வேடிக்கை. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மணமேடைக்கு முன்னால் நிஜமான விமான இருக்கைகளை வரிசையாகப் பூட்டினார்கள். ஒரு பக்கம் மெத்தை கனமாக, காலுக்கு இடம் தாராளமாக இருக்கிற பழைய மாதிரி. மறுபக்கம் அப்பளம் போல மெலிந்த புது மாதிரி. இதைப் போட்டால் விமானத்தில் கூடுதலாக ஒரு வரிசை பூட்டலாம், டிக்கெட் விலை குறையும். வருகிறவர்கள் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார வேண்டும். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். சாப்பாடு தட்டில் வரும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளக் கம்பெனி கோமதிநாயகம் அண்ணாச்சி மனைவி பார்வதியோடு வந்தார். மகன் மான்செஸ்டரில். ஆள் நல்ல உயரம். மெலிந்த இருக்கையில் உட்கார்ந்ததும் முட்டி முன்சீட்டில் இடித்தது. முன்னால் இருந்தவர் முதுகைச் சாய்த்தார். "ஏவே, நிமிருமய்யா, இது என்ன உம்ம வீட்டுக் கட்டிலா?" என்று அண்ணாச்சி கத்த, அவர் திரும்பி ஏதோ சொல்ல, மண்டபமே கல்யாணச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. சண்டை அடங்கியதும் அண்ணாச்சி இரண்டு முழங்கைகளையும் இரண்டு கைப்பிடிகளிலும் பரப்பிவிட்டார். பார்வதி அக்கா ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு மகனுக்குச் செய்த சீடையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்காவிடம், காலுக்கு இடம் கூடுதலாக உள்ள இருக்கைக்கு விலை கூட்டிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "காலுக்கு எடம் எனக்கு வேண்டாம்மா. இவியள நாலு வரிசை முன்னால உக்காத்துவியன்னா, கேக்கிற காசத் தாரேன்."

எழுந்திருக்காத பெண்

ஜெபாவை நாங்கள் கூப்பிடவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மகள் ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டாள். ரூத்துக்குப் பதினேழு வயது. அதிகம் பேசமாட்டாள். கூட்டமும் ஒலிபெருக்கியும் அவளுக்குத் தாங்காது. அப்பா மான்செஸ்டரில் ஆஸ்பத்திரி நர்ஸ். குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா வாங்கி, தாயும் மகளும் ஒருமுறை கிளம்பியும் இருக்கிறார்கள். வளைகுடாவில் விமானம் மாறுகிற இடத்தில் அத்தனை வெளிச்சத்தையும் அறிவிப்புச் சத்தத்தையும் தாங்க முடியாமல் ரூத் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டால் அலறினாள். அடுத்த விமானம் போய்விட்டது. அங்கிருந்து ஊருக்கே திரும்பி வந்தார்கள். இனி அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் விசாவும் சிக்கல்.

"அக்கா, நான் வேணும்னு எழுதிக் குடுத்தா நேரா போற வண்டிய விடுவாவளா?" என்று ஜெபா கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்றேன். ரூத் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று ஜெபாவே கேட்டாள். ஜன்னல் ஓரத்து மெலிந்த இருக்கையைக் காட்டினோம். ரூத் உட்கார்ந்தாள். முன்னால் உள்ள தட்டைத் திறந்தாள், மூடினாள், தாழ்ப்பாளைப் பையத் திருப்பிப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டாள். மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நடந்தபோது அவள் அசையவே இல்லை. ஜெபா பக்கத்தில் இருந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள். இசக்கியப்பன் என் பக்கம் வந்து நின்றான். "மேடம், அந்தப் பிள்ளைக்கு உக்காந்து இருக்கதெல்லாம் கஷ்டமே இல்ல. நடுவுல எந்திரிக்கச் சொல்லுதாவ பாருங்க, அதுதான் கஷ்டம்."

வராத விமானம்

கொஞ்ச நாள் கழித்துப் பிரவீன் போன் செய்தார். அந்தக் கம்பெனி யோசனையைக் கைவிட்டுவிட்டது. ஏன் என்று கேட்டேன். குறுகிய தூரத்தில் ஒரே விமானத்தை ஒரு நாளில் பல தடவை ஓட்டிக் காசு பார்க்கலாம், நீண்ட தூரத்தில் அது முடியாது, எண்ணெய்ச் செலவே விழுங்கிவிடும் என்றார். விடுமுறைக் காலம் போக மற்ற மாதங்களில் நம் பக்கத்து ஆட்களை மட்டும் வைத்து விமானத்தை எப்படி நிரப்புவது? வளைகுடாக் கம்பெனிகளோ எல்லா நாட்டு ஆட்களையும் நடுவில் கூட்டி நிரப்பிக்கொள்ளும். "அப்போ இத்தனை பேர் நேர் விமானம் வேணும்னு சொன்னது?" என்று கேட்டேன். "வேணும்னுதான் மேடம் சொன்னாங்க. விலையைச் சொன்னதும் மாத்திச் சொன்னாங்க. அதையும் நீங்க கேட்டு வாங்கின பதில்ல இருந்துதான் கண்டுபிடிச்சோம்."

இதை ஜெபாவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. சமாதானபுரத்தில் அவள் வீட்டுக்கே போனேன். ரூத் உள்ளறையில் துணிகளை மடித்து நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் ஜெபா எழுந்து அடுப்படிக்குப் போனாள். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை. என்னை அனுப்ப வாசல் வரைக்கும் வந்தபோது கேட்டாள். "அப்ப மாறித்தான் போவணும். மாறுறத எங்கன வச்சிப் பழக்கலாம்க்கா?"

பிளாட்பாரம் மாறுதல்

இது என் வேலையில் சேராது. ஆனாலும் ரூத்தை ரயிலில் மாறிப் பழக்க, அவர்களோடு இசக்கியப்பனும் நானும் போனோம். பாளையங்கோட்டையில் திருச்செந்தூரிலிருந்து வருகிற ரயிலைப் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, பிளாட்பாரம் மாறி, செங்கோட்டை ரயில் ஏற வேண்டும். முதல் தடவை மேம்பாலத்தின் நடுவிலேயே ரூத் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் கூட்டம் கூடியது. ஒருத்தர் பேய் பிடித்திருக்கிறதென்று வைத்தியமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இசக்கியப்பன் கைகளை விரித்து, "வெலகுங்க, வெலகுங்க, பிள்ளைக்குக் காத்து வரட்டும்" என்று வட்டம் போட்டான். அன்றைக்கு ஆட்டோவில்தான் வீடு திரும்பினோம்.

எதைக் கண்டு பயப்படுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜெபாவைக் கேட்டேன், மான்செஸ்டரில் இருக்கிற அவள் கணவரைக் கேட்டேன். கடைசியில் ரூத்தையே கேட்டேன். அவளை யாரும் கேட்டிருக்கவில்லை போல. "அடுத்தது என்னன்னு தெரியல" என்றாள். மறுநாள் ஜெபா ஜங்ஷன் முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தாள். இங்கே இறங்குவோம், இந்தப் படியில் ஏறுவோம், இந்த பெஞ்சில் இருப்போம், இந்த ரயில் வரும் என்று வரிசையாகக் காட்டினாள். காதுக்குச் சத்தம் அடைக்கிற ஹெட்போன் வாங்கினாள். அடுத்த தடவை ரூத் பாலத்தின் படியில் நின்றாள்; பிறகு நடந்தாள். சேரன்மகாதேவி வரைக்கும் போய்த் திரும்பினோம். அதற்குப் பிறகு அடிக்கடி போனார்கள், எங்களை விட்டுவிட்டும். அப்பா அந்த வளைகுடா விமான நிலையத்தின் படங்களை எல்லாம் தேடி அனுப்பினார். கிடைத்த மலிவு டிக்கெட்டில் மாறுவதற்கு அவகாசம் குறைவு. ஜெபா அதை விட்டுவிட்டு, நடுவில் நிறைய நேரம் இருக்கிற டிக்கெட்டை வாங்கினாள். உதவிக்கு ஆள் வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

கிளம்பிய அன்று வளைகுடாவிலிருந்து "இறங்கிட்டோம்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அன்று நான் டீத்தூளுக்காக மகாராஜநகரில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தேன். யார் என்ன பதில் சொன்னார்கள் என்றே மனதில் ஏறவில்லை. இசக்கியப்பன் வேனை ஓரங்கட்டிவிட்டு, "என்னமும் வந்துதா மேடம்?" என்று தெருவுக்குத் தெரு கேட்டுக்கொண்டிருந்தான். ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் ஜெபா கூப்பிட்டாள். பின்னால் ஒரு ஆணின் அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது. "வந்து சேந்துட்டோம்க்கா. இவ அப்பா கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதாவ. இவ என்ன கேக்கா தெரியுமா? 'அடுத்து எங்கன மாறணும்?'ங்கா."

கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்விகளுக்குத்தான் எனக்குச் சம்பளம் வருகிறது என்றாலும், விடை கிடைத்ததென்னவோ யாரும் கேட்கச் சொல்லாமல் ரூத்திடம் நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான்.