அரக்கு நிறச் சேலை

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சண்டிலிப்பாயில் என் சிநேகிதியின் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. கொக்குவிலில் இருக்கும் என் வீட்டில் இருந்து அங்கே போக ஸ்கூட்டியில் அரைமணி நேரம் கூட ஆகாது. ஆனால் அன்று திரும்பி வந்த வழி எனக்கு இன்னும் முடியவில்லை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அது உடைந்த கதைதானே இது. நான் ஓர் ஆசிரியை. எங்கள் பாடசாலையில் யாருக்குப் பிரியாவிடை, யாருக்குப் புது வீடு குடிபூரல் என்றாலும் அன்பளிப்பைத் தெரிவு செய்கிற பொறுப்பு என் தலையில்தான் விழும். ஒரு வீட்டுக் குடிபூரலுக்குச் சுவர் மணிக்கூடு மட்டும் ஏழு வந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி ஒப்புக்கு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. பெறுகிற ஆளை நினைத்து வாங்க வேண்டும் என்று இளம் ஆசிரியைகளுக்கு வகுப்பெடுக்காத குறை.

சிநேகிதியும் நானும் உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் சைவம், நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அந்த வயதில் இருவருக்கும் ஒரே உடம்பு. ஒருத்தியின் சேலையை மற்றவள் உடுத்துக்கொண்டு போவாள். எது யாருடையது என்று எங்கள் அம்மாமாருக்கே குழப்பம். பிறகு அவள் கல்யாணம் முடித்துச் சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டாள். வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரக் குடும்பம். நல்ல மனிதர் அவள் கணவர். ஒருநாள் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. அதன் பிறகு தோட்டத்தையும் ஒரே மகளையும் அவள் தனியாகத்தான் பார்த்தாள்.

கணவர் போய் மூன்றாம் வருடம் மகளுக்குக் கல்யாணம் சரி வந்தது. அந்தச் செய்தியைச் சொல்லப் போன் எடுத்தவள், கடைசியில் ஒன்று கேட்டாள்.

“எடி, கலியாணத்துக்கு எனக்கு நீதான் சாறி எடுத்துத் தரவேணும். நிறமும் நீயே பாத்து எடு. நீ தந்ததைத்தான் நான் உடுப்பன்.”

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். சொந்தக்காரர் எவ்வளவோ பேர் இருக்க, என்னிடம் கேட்டிருக்கிறாள். டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் நின்ற தம்பி கேட்டான், “ஆருக்கு அக்கா?”

“கலியாணப் பொம்பிளையின்ரை தாய்க்கு. என்ரை சிநேகிதி. அவளின்ரை மனுசன் இல்லை.”

வேறொன்றும் அவன் கேட்கவில்லை. மேல் தட்டில் கிடந்த கட்டை அப்படியே இறக்கினான். சாம்பல், சந்தனம், மங்கிய நீலம். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நான் வேதக்காரி, அவர்களுடைய வழக்கத்தில் பிழை விட்டுவிடக் கூடாது, கல்யாண மண்டபத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பதுதான் என் யோசனை முழுவதும். ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு ஓடுகிற சாம்பல் நிறப் பட்டு ஒன்றை எடுத்தேன். அழகான சேலைதான், பொய் சொல்லக் கூடாது. வெளியே வரப் போகும்போது அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு பட்டு கண்ணில் பட்டது. அதைக் கல்யாணத்துக்கு உடுக்க எனக்கென்று எடுத்தேன். இரண்டையும் ஒரே மாதிரிப் பையில் போட்டுத் தந்தான்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பையோடும் அவள் வீட்டுக்குப் போனேன். என்னுடையதையும் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் இரண்டு கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன் கைக்குக் கிட்ட இருந்த பையை இழுத்துப் பிரித்தாள்.

அரக்குச் சேலை வெளியே வந்தது.

அவள் மடிப்பை விரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்து, “பிள்ளை, இஞ்சை ஓடியா, அன்ரி எனக்கு என்ன நிறம் எடுத்திருக்கிறா எண்டு பார்!” என்று கூப்பிட்டாள். கணவர் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. இதை எழுதும்போதும் அந்த முகம் எனக்கு முன்னால் நிற்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டு சொன்னேன்: “ஐயோ, அது என்ரை சாறியடி! உனக்கு மற்றப் பையுக்கை.”

அவள் கை தோளிலேயே நின்றது. பிறகு சேலையை எடுத்து, மடிப்புக் குலையாமல், கடைக்காரனை விடக் கவனமாக மடித்துப் பைக்குள் வைத்தாள். மற்றப் பையைப் பிரித்தாள். சாம்பல் சேலையைத் தடவிப் பார்த்தாள். “நல்லாயிருக்கு,” என்றாள். மகள் வாசலில் வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தேத்தண்ணியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. வரும் வழியில் ஓரிடத்தில் ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பெறுகிற ஆளை நினைத்து வாங்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறவள், அவளை நினைக்கவே இல்லை. அவளுக்குப் புருஷன் இல்லை என்பதை மட்டும் நினைத்திருக்கிறேன். நான்கு கடை ஏறி இறங்கியும் அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்ற கேள்வி ஒரு தடவை கூட என் மனதில் வரவில்லை. எங்கள் இருபது வயதில் என் சிவப்புச் சேலைகளை எல்லாம் இரவல் வாங்கிக்கொண்டு போனவள் அவள்தான்!

அடுத்த நாள் எங்கள் வேதக் கோயில் ஆராதனை முடிந்த கையோடு அரக்குச் சேலையைக் கொண்டு திரும்பவும் போனேன். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பையை நீட்டினேன். கையைத் துடைத்தாளே தவிர வாங்கவில்லை.

“வேண்டாமடி. இப்ப வேண்டினால் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக் கேட்டு வாங்கின மாதிரி.”

“நான் யோசிக்காமல் செய்திட்டன். குறை நினையாதை.”

“குறை ஒண்டுமில்லை,” என்றாள். “இஞ்சை எல்லாரும் எனக்குச் சாம்பலும் வெள்ளையும்தான் தருகினம். நானாக நிறத்திலை எடுத்தால் ஊர் கதைக்கும். சிநேகிதி ஆசையாத் தந்தது எண்டால் ஆர் என்ன சொல்லுறது? அதுதான் உன்னட்டைக் கேட்டனான். நீயாவது கொண்டு வருவாய் எண்டு பாத்தன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவளோ பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தி, சாப்பிட வைத்து அனுப்பினாள்.

கல்யாணத்துக்கு அவள் அந்தச் சாம்பல் சேலையைத்தான் உடுத்தாள். தாரை வார்த்துக் கொடுத்தது அவளுடைய அண்ணனும் அண்ணியும். தாலி கட்டும்போது தாய்க்காரி மண்டபத்துத் தூணோடு ஒதுங்கி நின்றாள். நான் ஒரு பழைய நீலச் சேலையோடு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “உங்கடை சாறி நல்ல எடுப்பு, ஆர் எடுத்துத் தந்தது?” என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “இவதான்,” என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் காட்டினாள். அந்த நாள் முழுக்க எனக்கு வேறு தண்டனை தேவைப்படவில்லை.

அரக்குச் சேலை என் அலுமாரியில் பையோடு கிடந்தது. இரண்டு தடவை எடுத்தேன், உடுக்க மனம் வரவில்லை.

போன தை மாதம் ஒரு காலை நேரம், சொல்லாமல் கொள்ளாமல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு வருகிறதாம், அதற்குச் சொல்ல வந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

“எடி, அந்த அரக்குச் சாறி கிடக்கோ?”

“ஓம், கிடக்கு. ஒருக்காலும் உடுக்கேல்லை.”

“சட்டைத் துண்டு வெட்டிப் போட்டியோ?”

“இல்லை, அப்பிடியே கிடக்கு.”

“அப்ப எனக்கு இரவல் தா. ஒரு நாளைக்குத்தான்.”

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். அன்பளிப்பு என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அன்று அவள் அதை உடுத்திருந்தாள். மஞ்சள் கரை அவளுக்குத்தான் பொருத்தம், எனக்கு இல்லை. சேலையோடு சேர்ந்து வந்த சட்டைத் துண்டைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்திருந்தாள். இரவல் வாங்கிய சேலைக்கு யார் அப்படிச் செய்வார்கள்? நான் கேட்கவில்லை. அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். இவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினாள்.

“உவளின்ரை சாறி. இரவல்.”

அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், உயர்தர வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு.

சேலை இன்னும் திரும்பி வரவில்லை. போனில் கதைக்கும்போதெல்லாம், “தோய்ச்சுத் தாறனடி,” என்கிறாள். நானும், “ஆறுதலாய்த் தா,” என்கிறேன். பாடசாலையில் அன்பளிப்புத் தெரிவு செய்கிற வேலையை இப்போதும் என்னிடம்தான் தருகிறார்கள், ஆனால் இப்போது கடைக்குப் போகும் முன் அந்த ஆளோடு கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போகிறேன். எத்தனையோ பேருக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், ஆனால் என் சிநேகிதிக்கு நான் கொடுத்தவற்றில் உருப்படியானது, நான் கொடுக்காமல் அவளாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போன அந்த ஒரு சேலைதான்.