எடையை இடம் மாற்றியவள்

கோல்ஃப் மைதானத்தின் பழுதுபார்க்கும் அறையில் சின்னவளுக்கு அன்றோடு மூன்று மாதத் தற்காலிக வேலை முடிகிறது. "டாக்டரம்மா மட்டையைச் சரி பண்ணிட்டா நிரந்தரம். இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ" என்று கிளப் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அங்கேயே புல்வெட்டும் வண்டி ஓட்டும் அவள் அண்ணன் காலையிலிருந்து வெட்டிய புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற டாக்டரம்மா டிரைவரை, அதாவது முதல் அடிக்கான நீண்ட மட்டையை, எடுத்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து வேலிக்கு ஓடும். பந்து படுவதெல்லாம் மட்டைத் தலையின் நுனியில். அங்கே பலம் போதவில்லை என்று அவரே முடிவு கட்டி, தப்பிய அடி ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஓர் ஈயப் பட்டையை ஒட்டிக்கொண்டே வந்தார்.

சின்னவள் தலையைக் கழற்றித் தராசில் வைத்தாள். இருநூற்று இருபத்தாறு கிராம். இருநூறையொட்டி இருக்க வேண்டியது.

"கட்டு மேல கட்டா போட்டிருக்கீங்களேம்மா! பேஷண்டுக்கே இவ்ளோ போட்டிருக்க மாட்டீங்க."

"வாய்டி உனக்கு! கனமா இருந்தா திரும்பாதுன்னுதான் ஒட்டினேன்."

"கனமெல்லாம் ஒரே மூலையில. வீசும்போது நுனி பின்தங்குது, மட்டை வலப்பக்கம் பாத்தபடியே பந்தத் தொடுது. கையும் சோந்துபோகுது."

அலமாரியிலிருந்து அகலமான தலை ஒன்றை எடுத்து மாட்டினாள். இது இருநூறு கிராம்தான். ஆனால் எடை பின் விளிம்பிலும் ஓரங்களிலும் பரவியிருந்தது. அதனால் பந்து நடுவில் படாவிட்டாலும் தலை சட்டென்று முறுக்கிக்கொள்ளாது. ஆட்டக்காரர்கள் இதைத்தான் தப்பை மன்னிக்கும் மட்டை என்பார்கள்.

பயிற்சித் திடலில், பந்து நடுவே விழ வேண்டும் என்று இரண்டு கொடிகள் நட்டாள். மட்டையின் முகத்தில் பவுடர் தூவினாள். பந்து பட்ட இடம் தெரிய வேண்டுமே! முதல் பந்து கொடிகளுக்கு வெளியே போனது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரமாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். சின்னவளோ நோட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு, "அடுத்தது அடிங்கம்மா" என்றாள்.

இரண்டாவது உள்ளே. மூன்றாவது உள்ளே. பத்து முடிந்தபோது எட்டு உள்ளே விழுந்திருந்தன. பழைய மட்டையில் பத்துக்கு இரண்டுதான்.

"அடிக்கச் சொல்லிக் குடுத்தியா?" என்றார் செயலாளர்.

"இல்ல சார். பவுடரப் பாருங்க, இன்னும் நுனியிலதான் படுது. அம்மா தப்பு அப்படியே இருக்கு."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னை மாத்தாமலே ஜெயிக்க வச்சிட்டா பாருங்க! கையெழுத்துப் போடுறீங்களா, அடுத்த பந்த உங்க பக்கம் அடிக்கவா?"

செயலாளர் புல்வெட்டி வண்டியின் மூடிமேல் நிரந்தர வேலைக்கான காகிதத்தை விரித்தார். எழுத்து ஆடிவிடக் கூடாதென்று அண்ணன் அவசரமாக எஞ்சினை அணைத்தான், மூச்சையும் பிடித்துக்கொண்டான்.