ரெண்டு பேருக்கு ஒரு செட்டு லைட்டு

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோவம் வந்துரும். அதான் யாருகிட்டயும் சொல்றதில்ல. நீங்க கேட்டுட்டீக, சொல்றேன்.

நான் காஜா நவாஸ். மண்டபம் கேம்ப் பக்கத்துல ரோட்டோரமா சைக்கிள் கடை வச்சிருக்கேன். சிலோன்ல இருந்து வந்த சனங்க இருக்குற கேம்ப். அங்கனதான் செல்வநாயகி இருக்கு. பத்து வயசுல படகுல வந்துச்சாம், இப்ப நாப்பத்தஞ்சு இருக்கும். புருசன் இல்ல. ஒரே மக, ராமநாதபுரத்துல நர்சிங் படிக்குது. அந்தப் படிப்பு முழுக்க இந்தம்மா வலது கையை நம்பித்தான் ஓடுது. வேதாளை தாண்டி ஒரு நண்டு கம்பெனி. அவிச்ச நண்டை உடைச்சு, துணுக்கு ஓடு கலக்காம சதையை மட்டும் எடுக்குற வேலை. அந்த மேசையில செல்வநாயகி கைக்கு ஈடு கிடையாதுன்னு மத்த பொம்பளைகளே சொல்வாக.

கூடவே அதே படகுல வந்தவ மகேஸ்வரி. அடுத்தடுத்த வீடு, ஒரே கம்பெனி, ஆளுக்கொரு சைக்கிள். ஒருத்தி வீட்டுல குழம்பு வச்சா மத்தவ வீட்டுல சோறு மட்டும் வடிப்பாக.

ஆறு மணிக்கெல்லாம் வேலையில நிக்கணும். ஐப்பசி பொறந்துட்டா கிளம்புற நேரம் கண்ணு தெரியாது, மழை மூடாக்கு வேற. ரெண்டு பக்கமும் முள்ளு உடமரம். போஸ்ட்டு லைட்டு பாதி எரியாது. மீன் வண்டிக்காரன் எவன் பாத்து ஓட்டுறான்? அதான் ரெண்டு பேரும் லைட்டு கேட்டு வந்தாக. முன்னால மாட்ட வெள்ளை, பின்னால மாட்ட சிவப்பு, ரெண்டும் சேந்து ஒரு டப்பா. ஆளுக்கு ஒரு டப்பா வாங்குங்கன்னு சொன்னேன். என்னை அண்ணன் முறையா ‘நானா’ன்னுதான் கூப்பிடுவாக.

“ஒண்டு போதும் நானா”ன்னுச்சு செல்வநாயகி. “நான் வெள்ளையோட முன்னுக்குப் போறன். இவள் சிவப்போட பின்னுக்கு வாறாள். எப்பவும் ஒண்டாத்தானே போறம்.”

எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே மாட்டிக் குடுத்தேன். என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். முன்னால போறவளுக்குப் பின்னால ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. கூட வர்றவளை நம்பித்தான் அந்தப் பொம்பளையோட உசுரு இருக்குன்னு தோணவே இல்ல.

ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு நான் கடை தொறக்குற நேரம் வெள்ளை போகும், பத்தடி தள்ளிச் சிவப்பு போகும். ரெண்டு சைக்கிள் மணிச் சத்தமும் கேக்கும்.

கார்த்திகையில ஒரு நாள், தூறல். வெள்ளை போச்சு. சிவப்பைக் காணோம். மகேஸ்வரி இன்னைக்கு லீவு போலன்னு நெனச்சுக்கிட்டு ஷட்டரைத் தூக்கினேன். ஒரு சத்தம் குடுத்து நிப்பாட்டியிருக்கலாம். குடுக்கலையே.

அரை மணி நேரத்துல ஆள் வந்து சொல்ல, மொபெட்டை எடுத்துக்கிட்டு ஓடினேன். செல்வநாயகி ரோட்டோரமாச் சகதியில கெடக்கு. மீன் வண்டி பின்னாலருந்து தட்டிவிட்டுருச்சு. டிரைவர் ஓடிப் போகல, அங்கனயே நிக்கிறான். “பின்னால ஒரு லைட்டும் இல்லண்ணே, பக்கத்துல வந்த பெறகுதான் தெரிஞ்சுச்சு”ங்குறான். அவனை என்னன்னு ஏசுறது?

வலது மணிக்கட்டு திருகிக் கெடந்துச்சு. அந்தம்மா அதைப் பாக்கவே இல்ல. “எனக்கு ஒண்டுமில்ல, மகேசைப் பாருங்கோ. பின்னால வந்தவள். அவளையும் அடிச்சுப் போட்டுது போல”ன்னே கத்துச்சு. நாங்க அஞ்சாறு பேரு செல்போன் வெளிச்சத்துல உடமரத்துக்குள்ள முள்ளு குத்தக் குத்தத் தேடுனோம். ஆளும் இல்ல, சைக்கிளும் இல்ல.

பெறகு தேம்பித் தேம்பிச் சொல்லுச்சு. வீட்டுல இருந்து கிளம்பையில மகேஸ்வரி சைக்கிள்ல செயின் கழண்டுருச்சாம். நீ மெல்லப் போ, நான் பின்னாலயே வாறன்னு சொல்லி அனுப்பிருக்கா. ரொம்ப நேரம் காணோம்னு இது ரோட்டோரமா நின்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு.

செயின் கழலவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ராத்திரி பர்வேஸ் வந்து எல்லாத்தையும் சொன்னான். கம்பெனி வேன் ஓட்டுறவன், எனக்குச் சொந்தம். வேன்ல ஒரு சீட்டு காலியானதும் மகேஸ்வரி சூப்பர்வைசரைப் பிடிச்சு வாங்கிட்டா. செல்வநாயகிக்குச் சைக்கிள்தான் வசதின்னு இவளே பதிலும் சொல்லிட்டா. அன்னைக்குத்தான் முத நாள். சிவப்பு லைட்டைக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டு வேன்ல ஏறிட்டா.

ஒரு சீட்டுதான், அதுல தப்பே இல்ல. ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன கெட்டுப் போச்சு? நான் ஓசியிலேயே இன்னொரு சிவப்பு மாட்டி விட்டிருப்பேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல, பொய்யைச் சொல்லி இருட்டுக்குள்ள அனுப்பிட்டா. ஆஸ்பத்திரிப் பக்கமும் எட்டிப் பாக்கல.

மூணு மாசம் கழிச்சு செல்வநாயகி கடைக்கு வந்துச்சு. கட்டு பிரிச்சாச்சு, மணிக்கட்டு மடங்கல. கம்பெனியில தட்டு கழுவுற வேலைக்கு மாத்திட்டாக. மக படிப்பை விட்டுறவான்னு கேக்குதாம். இடது கையால சைக்கிளை உருட்டிட்டு வந்து, மடியில இருந்து அந்தச் சிவப்பு லைட்டை எடுத்து மேசையில வச்சுச்சு. மகேஸ்வரி யாருகிட்டயோ குடுத்து விட்டிருக்கா.

“இதை என்ர சைக்கிள்ல மாட்டுங்கோ நானா.”

மாட்டினேன். அப்பத்தான் கேட்டுச்சு. “அண்டைக்கு வேன் என்னைத் தாண்டித்தானே போனது. பர்வேஸ் உங்களிட்ட என்ன சொன்னவர்?”

மறைக்க மனசு வரல. ரோட்டோரமா நின்னுக்கிட்டு ஒரு பொம்பளை கையை ஆட்டுச்சாம், பர்வேஸ் வேகத்தைக் குறைச்சானாம். மகேஸ்வரி உள்ள இருந்து, ‘அவள் சும்மா கை காட்டுறாள், நேரமாச்சு, நீங்க போங்கோ’ன்னு சொன்னாளாம். அப்படியே சொல்லிட்டேன்.

செல்வநாயகி அழல. மடங்காத கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுச் சொல்லுச்சு.

“எனக்காக நான் கை காட்டேல்ல நானா. பின்னுக்கு மகேஸ் இருட்டுக்குள்ள தனிய நிக்கிறாள், திரும்பிப் போய் அவளை ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லத்தான் காட்டினனான்.”