ஆல்பர்ட் கடையில் ஆறு சனிக்கிழமைகள்

சிவப்பு செலோஃபேன் தாளை விரலால் அழுத்தினால் எழும் நொறுநொறு சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த ஐந்து மாடி ‘பிளாட்’டில், இரண்டாம் மாடி ஸ்டெல்லா ஆன்டி வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும் மாதிரிக்கு ஒரு ‘ஹேம்பர்’, அதாவது பரிசுக் கூடை, வந்து உட்கார்ந்துவிடும். பிரம்புக் கூடைக்குள் பிஸ்கட் டின், ஆரஞ்சு பானப் புட்டிகள், டின்னில் அடைத்த லைச்சிப் பழம், கேக், எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிற ரிப்பன். தாளைத் தொடக் கூடாது என்பது ஆன்டியின் கட்டளை. அவர் சமையலறைக்குள் போனதும் நானும் அவர் மகள் ஷீலாவும் ஓடிப்போய்த் தொடுவோம். நான் சொல்லப்போகும் ஆண்டில் எங்கள் இருவருக்கும் பதினொரு வயது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு.

வாரம் பத்து ரிங்கிட், எங்கள் பேச்சில் பத்து வெள்ளி, கட்டிக்கொண்டே வந்தால், டிசம்பர் முதல் வாரத்தில் அப்படியொரு ஹேம்பரும் மீதிப் பணமும் கைக்கு வரும். இதற்கு எங்கள் பிளாட்டில் ‘கிறிஸ்மஸ் கூட்டு’ என்று பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மளிகையும் பரிசுப் பொருள்களும் விற்ற ஆல்பர்ட் என்பவர்தான் அதை நடத்தினார். கணவரை இழந்த ஸ்டெல்லா ஆன்டி எங்கள் பிளாட்டில் வசூலித்து, மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் அவரிடம் ஒப்படைத்து, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கி வருவார். அதற்குக் கூலியாக அவருக்கு ஒரு ஹேம்பர் சும்மா கிடைக்கும். இருபத்து மூன்று வீடுகள் சேர்ந்திருந்தன. அதில் எங்களோடு மாதா கோயிலுக்கு வருகிறவர்களும் உண்டு, மூன்றாம் மாடி மங்களம் அக்காவைப் போல மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு.

கையுறைத் தொழிற்சாலையில் ‘ஷிப்ட்’ வேலை பார்த்த என் அம்மாவுக்கு அந்தப் பணம் கேக்குக்கான பணம் மட்டும் அல்ல. அப்பா லோரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் ஜொகூரில் இருப்பார். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எனக்குச் சீருடை, காலணி, பள்ளிப் பேருந்துக்கு முன்பணம் எல்லாமே அந்தக் கூட்டுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு நாள், பிரிக்பீல்ட்ஸ் போய்த் திரும்பிய ஸ்டெல்லா ஆன்டி, வீடு வரை ஏறாமல் முதல் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆல்பர்ட் கடை இழுத்து மூடியிருந்தது. போன வாரமே லோரி வைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

மாலைக்குள் ஆன்டி வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மங்களம் அக்கா முன்னால் நின்றார். “ஆல்பர்ட்ட நாங்க கண்ணால பாத்ததுகூட இல்ல. உன் கையிலதான் குடுத்தோம். நீதான் கட்டணும்.” அவருடைய தம்பி உள்ளே நுழைந்து தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினார். அந்த நேரத்தில் வேலை முடிந்து, கையில் கையுறை மாவு ஒட்டியிருக்கப் படியேறி வந்த அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றார்.

“இந்த டிவி எத்தன வெள்ளிக்குப் போகும்? இருவத்திமூணு வீட்டுக்கு எப்படிப் பிரிப்பீங்க?”

“அப்ப சும்மா விட்டுரச் சொல்றியா ரெஜினா?” என்றார் மங்களம் அக்கா.

“யாரு விடச் சொன்னா? ஆல்பர்ட் கையெழுத்து இவ ஒருத்திகிட்டத்தான் இருக்கு. இவள வெரட்டி விட்டுட்டா, அப்புறம் யார காட்டி யாருகிட்ட கேக்கறது?”

தொலைக்காட்சி அங்கேயே இருந்தது. ஆனால் கதவை வந்து தட்டுகிறவர்கள் ஓயவில்லை. மறுநாள் பள்ளியில் நான் செய்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வகுப்புத் தோழிகளிடம் ஷீலாவைத் ‘திருட்டு வீட்டுப் பொண்ணு’ என்று நான்தான் முதலில் சொன்னேன். புதுக் காலணி போன ஆத்திரம். மதியத்துக்குள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. வீடு திரும்பினால், ஸ்டெல்லா ஆன்டியையும் அவளையும் சில நாள் எங்களோடு தங்கட்டும் என்று அம்மா மேலே அழைத்து வந்திருந்தார். என் கட்டிலில், எனக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி ஷீலா படுத்திருந்தாள். என்னைப் பற்றி அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரமே அம்மா லீவு போட்டார். ஸ்டெல்லா ஆன்டியோடு போய்ப் போலீஸில் ‘ரிப்போட்’ கொடுத்தார். அங்கே இருந்த ஒருவர் சொல்லி, ஷா ஆலமில், பொருள் வாங்கி ஏமாந்த பயனீட்டாளர்களின் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே வக்கீல் தேவையில்லை; செலவும் கொஞ்சம்தான். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி முதலில் கேட்ட கேள்வி, “கூட்டா, ஹேம்பரா?” என்பது. கூட்டு என்றால், அதாவது சீட்டுப் பிடித்தது என்றால், சட்டத்தில் இடமில்லை. பொருளுக்குக் கட்டிய முன்பணம் என்றால் வழக்குப் போடலாம். அம்மா பையிலிருந்து பணம் கட்டியதற்கான அட்டையை எடுத்து நீட்டினார். வாரா வாரம் கட்டங்களில் ஆன்டி கையெழுத்திட்ட அந்த அட்டையின் மேல், ‘ஹேம்பர் முன்பணம்’ என்று ஆல்பர்ட்டே அச்சடித்திருந்தார்.

வீட்டுக்கு ஒரு மனு போட வேண்டும் என்று சொன்னதால், அம்மா ஐந்து மாடியும் ஏறி இறங்கினார். சிலர் அட்டையைத் தொலைத்திருந்தார்கள், சிலர் கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தார்கள். அப்பாகூட ஜொகூரிலிருந்து தொலைபேசியில், “போனது போச்சு, விடு லா. உனக்கு எதுக்கு ஊர் வேல?” என்றார். “ஊர் வேல இல்ல. என் காசும் அதுல இருக்கு,” என்று சொல்லி அம்மா தொலைபேசியை வைத்தார். கடைசியில் பதினெட்டு வீடுகள் மனுப் போட்டன. கிறிஸ்மஸ் ஹேம்பர் இல்லாமல் வந்து போனது. ஜனவரியில் பழைய வெள்ளைக் காலணிக்கே சாயம் அடித்து, விரல்கள் மடங்க மடங்க நான் பள்ளிக்குப் போனேன்.

பிப்ரவரியில் விசாரணை. நான் அங்கே இல்லை; அம்மா பலமுறை சொல்லிக் கேட்டதுதான். தீர்ப்பாயத்தின் அழைப்பாணை கிடைத்து முழுக்கைச் சட்டை போட்டு வந்த ஆல்பர்ட், “அந்த அம்மா நடத்தின கூட்டு அது. நான் வெறும் கடைக்காரன்,” என்றாராம். அதுவரை அழுதுகொண்டே இருந்த ஸ்டெல்லா ஆன்டி எழுந்து, அந்தச் சின்னப் புத்தகத்தை நீதிபதியின் மேசையில் வைத்திருக்கிறார். அன்று காலை வருகைப் பதிவில் ஆல்பர்ட் போட்ட கையெழுத்தையும் வரவழைத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் பதினான்கு நாளில் பணத்தைக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார்.

பதினான்கு நாள் போனது, நாற்பதும் போனது. பணம் வரவில்லை.

அம்மா விசாரித்து விசாரித்து, சாலாக் செலாத்தானில் மனைவி பெயரில் ஆல்பர்ட் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை காலை, ஷிப்ட் இல்லாத ஒன்பது பெண்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்டும் சேலைகளைக் கட்டிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் ஷீலாவும் கூடவே போனோம். ரயிலிலேயே அம்மா சொல்லிவிட்டார்: சத்தம் போடக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது, குடித்ததற்குக் காசு கொடுத்துவிட வேண்டும்.

கடையில் ஒன்பது மேசைதான். மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு ‘தே ஓ’ கேட்டார்கள். பால் கலக்காத அந்தத் தேநீரை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை குடித்தார்கள். அடுப்பங்கரையிலிருந்து வந்த கோழிக் குழம்பின் வாசனையில் எனக்குப் பசி எடுத்தது. ஆல்பர்ட் வந்தார்.

“அக்கா, கஸ்டமர் உக்கார எடமில்ல லா.”

“நாங்களும் கஸ்டமர்தான் தம்பி,” என்றார் அம்மா.

மூன்றாவது சனிக்கிழமை, போலீஸைக் கூப்பிடப் போவதாக அவர் சொன்னார். “கூப்பிடுங்க. ஆர்டர் பேப்பர் கையிலதான் இருக்கு. அவங்களும் படிக்கட்டும்,” என்று அம்மா அதை மேசையில் விரித்து, பறக்காமல் இருக்கத் தே ஓ கிளாஸை அதன் மேல் வைத்தார். யாரும் வரவில்லை. ஆனால் வாடிக்கையாக வரும் லோரி ஓட்டுநர்கள், “என்னக்கா விஷயம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அம்மா குரலை உயர்த்தாமல், முதலிலிருந்து கடைசி வரை சொன்னார்.

அன்று திரும்பும் ரயிலில் ஷீலாவிடம், “ஸ்கூல்ல நான்தான் அப்படிச் சொன்னேன்,” என்றேன். “தெரியும்,” என்றாள். கிள்ளானில் இறங்கும்போது, நான் மறந்து வைத்த குடையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆறாவது சனிக்கிழமை ஆல்பர்ட் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு எங்கள் பணத்தை அவர்களுக்குக் கட்டிவிட்டதாகச் சொன்னார். “ஒரே தடவையா முடியாதுக்கா. என்னைய அடிச்சாலும் வராது.”

“அடிக்க யாரு வந்தா? நாங்க மட்டும் ஒரே தடவையாவா கட்டினோம்? வாரம் பத்து வெள்ளியாத்தானே கட்டினோம். நீங்களும் அப்படியே குடுங்க, வீட்டுக்குப் பத்து.”

அவர் ஒப்புக்கொண்டார். பணத்தை வாரா வாரம் யார் போய் வாங்கி வருவது என்ற பேச்சு எழுந்தது. மங்களம் அக்காதான் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஸ்டெல்லாவே போகட்டும். அவளுக்குத்தான் வழக்கம்.” ஸ்டெல்லா ஆன்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த கிறிஸ்மஸ் நெருங்கும்வரை பணம் வந்தது. பிறகு அந்தக் கடையும் மூடப்பட்டது, ஆல்பர்ட்டை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. போட்டதில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. அந்தப் பணத்தில் எனக்கு ஆனி மாதத்தில் புதுக் காலணி கிடைத்தது.

இப்போது சாலாக் செலாத்தானில் அந்தக் கடை இருந்த இடத்தில் டயர் மாற்றுகிறார்கள். கிள்ளான் பிளாட்டுக்கு வேறு சாயம் அடித்திருக்கிறார்கள். அந்த இருபத்து மூன்று வீடுகளில் ஒன்றில்கூட இன்று பழைய ஆட்கள் இல்லை. ஸ்டெல்லா ஆன்டி காலமாகி நான்கு ஆண்டு ஆகிறது. மாடிப்படியில் நின்று பெயர் சொல்லி ஆளைக் கூப்பிடுகிற குரல், நான் இப்போது இருக்கும் ஷா ஆலம் அடுக்குமாடியில் கேட்டதே இல்லை.

போன ஆண்டு நானும் ஏமாந்தேன். கைப்பேசியில் வந்த ஒரு முதலீட்டுத் திட்டத்தில் சேர்ந்தேன்; ஒரு காலைப் பொழுதில் போட்ட பணத்தோடு அந்தச் செயலியே காணாமல் போனது. படித்த எனக்கு இப்படியா என்ற வெட்கத்தில் இரண்டு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உன்கூட வேற யாரு யாரு போட்டாங்க?” என்று கேட்டார்.

“குரூப்புல நூறு பேருக்கு மேல இருக்காங்கம்மா.”

“அவங்க பேரு?”

எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. வெறும் எண்களும் பூப் படங்களும்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். அன்று மாலை அந்தக் குழுவில் எழுதினேன்: ‘என் பெயர் ஜெசிந்தா. ஷா ஆலமில் இருக்கிறேன். ரிப்போட் கொடுக்கப் போகிறேன். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள்?’ இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. ‘சாந்தி. காப்பார்ல இருக்கேன். நானும் வரேன்க்கா.’