பத்தடிக்கு மேலே ஒன்பது அங்குலம்

போன வாரம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கட்டை அவிழ்த்ததும் புதுத் தோல் வாசனை ஆசிரியர் அறை முழுக்கப் பரவியது. உள்ளே ஒரு கூடைப்பந்து. "வளையத்த எவ்வளவு உயரத்துல மாட்டணும், யாருக்காவது தெரியுமா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "பத்தடி" என்றேன். சொல்லும்போதே என் இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து, அதில் ஒன்று அருகில் நின்ற சயன்ஸ் டீச்சரின் கன்னத்தில் இடித்தது. மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

என் அப்பா, எனக்கு நைனா, கூடைப்பந்து கோச்சாக இருந்தவர். ஒரு வருஷத்துக்கும் குறைவுதான். ஆனாலும் அதற்குச் சம்பளம் வாங்கியவர்.

அதற்கு முன்பு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கயிறு வேலை. பாரம் தூக்கும் கயிறுகளைப் பின்னுவது, அறுந்ததை ஒட்டுப்போடுவது. அவர் சட்டையில் எப்போதும் தார் வாசனை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டாலும் அந்த வாசனை கூடவே வந்து மாதா கோயிலில் உட்காரும். அம்மா சவுக்காரத்தோடு அதை எதிர்த்துச் சண்டை போட்டுக் கடைசிவரை ஜெயிக்கவில்லை.

பந்தாட்டம் அவருக்கு வந்தது யுத்த காலத்தில். அப்போது துறைமுகத்தில் கூலி வேலை. அங்கே முகாமிட்டிருந்த வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஒரு கிடங்குச் சுவரில் பீப்பாய் வளையத்தை அடித்து மாட்டி, சாயங்காலங்களில் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒருநாள், உயரமாக நின்றிருந்த நைனாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர்கள் பேசியது இவருக்குப் புரியாது, இவர் பேசியது அவர்களுக்குப் புரியாது. பந்து மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து நைனா தொழிற்சாலைக்குப் போன பிறகு, அங்கிருந்த துரைக்குக் கூடைப்பந்து டீம் வைக்கும் ஆசை வந்தது. ஆட்டம் தெரிந்தவர் நைனா ஒருவர்தான். கயிற்றுக் கொட்டகையிலிருந்து அவரை விடுவித்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். முதல் போட்டியைப் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார்.

ராயபுரத்தில் எங்கள் தெருவே சிரித்தது. கோச் என்றால் அங்கே எல்லோருக்கும் குதிரை வண்டிதான். பக்கத்து வீட்டு ரோசம்மா வாசலில் நின்றே கேட்டாள். "இன்னா சவரி, கோச்சாமே நீ? குதிர எங்க கீது?"

"பத்து குதிர கீது. நீ வந்து புல்லு போடு" என்றார் நைனா.

துரை ஒரு சட்டப் புத்தகமும் கொடுத்திருந்தார். மெல்லிய இங்கிலீஷ் புத்தகம். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை அப்போது யாரும் கேட்காமலே சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். புரியாத இடங்களில் புரிந்த மாதிரியும் சொன்னேன். கர்த்தர் மன்னிக்கட்டும். ஆனால் வளையத்தின் உயரம் பத்தடி என்பதைச் சரியாகத்தான் படித்தேன்.

நைனா அதைக் கயிற்றால் அளந்தார். கடலோடு பிழைக்கிறவர்கள் கயிற்றைப் பாகத்தால் அளப்பார்கள். இரண்டு கையையும் முழுக்க விரித்தால் ஒரு பாகம். ஒரு பாகம் ஆறடி என்பது கப்பல்காரர்கள் கணக்கு. நைனா ஒரு பாகம் அளந்தார். இன்னொரு பாகத்தை மூன்றாக மடித்து, அதில் இரண்டு மடிப்பை அதோடு சேர்த்தார். கணக்கு தப்பில்லை. பத்தடி.

"ஆபீசுல டேப்பு இருக்குமே நைனா" என்றேன்.

"டேப்பு துருப்புடிக்கும். கை துருப்புடிக்காது."

மைதானத்தில் பலகை அடித்த இரண்டு கம்பங்களிலும் அந்தக் கயிற்றளவில் வளையம் ஏறியது. டீமில் காதர் என்று ஒருவர், பாய்லரில் கரி தள்ளுகிறவர். எங்கிருந்து எறிந்தாலும் பந்து உள்ளே போகும். நைனா அவரை மட்டும் திட்டவே மாட்டார். பள்ளி விட்டதும் நான் ஓடிப்போய், கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்து பார்ப்பேன். உப்புக்காற்றும் கரிப்புகையும் கலந்து அடிக்கும். நைனா விசில் ஊதினால் பத்து ஆம்பிளைகள் நிற்பார்கள். கயிற்றுக் கொட்டகையில் அவர் சொல்லி ஒருவரும் நின்றதில்லை.

போட்டிக்கு நாலு நாள் முன்பு கணக்கு டீச்சர், சுற்றியிருக்கும் பொருள்களை அளந்து எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் ஜன்னலையும் பெஞ்சையும் அளந்தார்கள். எனக்கு அது போதுமா? நூலில் கல் கட்டி வளையத்தின் மேலே எறிந்து, இரண்டு முனையும் தரையைத் தொடும்படி இழுத்து, பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்து பாதியாக்கினேன். பத்தடி ஒன்பது அங்குலம். மூன்று தடவை அளந்தேன். வளையம் அசையவில்லை.

தப்பு கணக்கில் இல்லை, நைனாவின் கையில் இருந்தது. அவர் கை மற்றவர் கையைவிட நீளம். அவருடைய பாகம் ஆறடியில் அடங்காது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனேன். நைனா விசிலைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு படிச்சு சொல்லிச்சு, நான் அளந்து மாட்டினேன்னு தொரைகிட்ட சொன்னேன்மே. கை குடுத்தாரு" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டில் ஜன்னலின் அளவை எழுதிக்கொண்டு போனேன்.

போட்டியன்று காலை, எதிர் டீமின் மைதானத்துக்குத் தொழிற்சாலை லாரியில் போகும்போதுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.

"எப்போ அளந்தே?"

"நாலு நாள் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு."

"நான் வருத்தப்பட்டா பட்டுட்டு போறேன். பசங்க இன்னா பண்ணாங்க?"



அந்த மைதானத்தில் வளையம் சரியாகப் பத்தடி. முதல் பாதியில் காதர் எறிந்த பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப்போய்ப் பலகையில் மோதித் திரும்பின. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாபா, வானத்துக்கா போட்டுகினுகீறே?" என்று ஒருவன் கத்தினான். இடைவேளையில் நைனா எல்லோரையும் உட்கார வைத்தார். "தப்பு என்னுது. வளையத்த ஒசரமா மாட்டிட்டேன். இனி தூரத்துலேர்ந்து போடாதீங்க, கிட்ட போய் வையிங்க" என்றார். என் பெயரை எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் துரத்திக்கொண்டே வந்தார்கள். ஒரே ஒரு கூடையில் தோற்றோம்.

"யார் அளந்தது?" என்று துரை கேட்டபோதும் நைனா இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நான்தான், இதால" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன்.

அடுத்த மாதம் பட்டணத்திலிருந்து சர்ட்டிபிகேட் வைத்திருந்த ஒருவர் கோச்சாக வந்தார். வளையங்கள் ஒன்பது அங்குலம் இறங்கின. பலகையில் பழைய ஆணித் துளைகள் அப்படியே நின்றன. நைனா கொட்டகைக்குத் திரும்பினார். தினமும் புது கோச் மைதானத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால் காதர் முதல் பந்தை அந்தத் துளைகளைப் பார்த்து எறிவாராம். பிறகுதான் ஆட்டம். இதை நைனா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், சிரித்துக்கொண்டே.

பள்ளியில் நேற்று தச்சர் வந்து இரும்பு டேப்பால் அளந்து வளையத்தை மாட்டினார். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன்.

"சரியா கீதா?"

"சரியா கீது. நானே அளந்து பாத்தேன்."

"மேட்சுக்கு நாலு நாள் முன்னாடியேவா?"

அந்த நாலு நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மைதானத்தில் இப்போது எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கியிருக்கிறார்கள். பலகைகள் அடுப்புக்குப் போயிருக்கும். துரை சீமைக்குப் போய்விட்டார், காதர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. மூன்று வருஷம் முன்பு பாரக்கயிறு அறுந்து தோளில் விழுந்ததிலிருந்து நைனாவின் வலது கை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. நேற்று, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு பெரியவர்கள் என்று கேட்டபடியே பாகம் அளக்கிற பழக்கத்தில் கைகளை விரிக்கப் போனார். இடது கை மட்டும் நீளமாகப் போய் நின்றது. பாகத்தின் மிச்சப் பாதி வரும் என்பதுபோல நான் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.