இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்

எண்ணெய் கசியும் இடத்தை அடைத்தால் உராயும். உராய்வைக் குறைத்தால் கசியும். இந்த இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் தொழிற்சாலை ஒன்றில் கியர் பம்ப் வரைகிறேன்.

பல்லோடு பல் கவ்விச் சுழலும் இரண்டு சக்கரங்கள். இருபுறமும் அவற்றின் கன்னத்தில் கன்னம் வைத்தாற்போல இரண்டு தகடுகள். தகட்டைச் சக்கரத்தின் மேல் அமுக்குவதும் பம்ப் தள்ளும் எண்ணெயேதான். அதில் கொஞ்சத்தைத் தகட்டின் முதுகுக்குத் திருப்பிவிடுவோம். முதுகில் எவ்வளவு பரப்பில் அது அமுக்கலாம் என்பதற்கு ஒரு ரப்பர் சீல் வேலி. வேலியை அகட்டினால் தகடு இறுகும், கசிவு அடங்கும். ரொம்ப அகட்டினால் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். மெதுவாய்ச் சுழலும் பம்ப் அதையெல்லாம் சகித்துக்கொள்ளும். நாங்கள் செய்துகொண்டிருந்ததோ மின்சாரப் பேருந்தின் ஸ்டியரிங்குக்கு. அதிவேகம். வேகம் எதையும் மன்னிப்பதில்லை.

அந்த வேலியை வரைந்தவன் கோயம்புத்தூர்த் தம்பி. இந்தப் பம்ப்புக்காகவே ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் தேநீர் குடிப்போம்.

"உங்க ஊர்ல தண்ணியைவிட பம்ப்தான் அதிகமாமே," என்று சீண்டுவேன்.

"தண்ணி இல்லாமதானுங்கண்ணா பம்ப்பு. இருந்தா குடத்துல மோந்துக்க மாட்டமா?"

அவன் மகளுக்கு இங்கே பிரைமரி ஒன்னில், அதாவது முதல் வகுப்பில், இடம் கிடைத்திருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது லேசில் கிடைக்காது. மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, கிடைத்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி எனக்குப் போன் செய்தார்கள். பம்ப் தேறினால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் பிள்ளை பள்ளிக்குப் போவாள். அவ்வளவுதான் கணக்கு.

முதல் பம்ப் கசிந்தது. ஓட ஓட எண்ணெய் சூடேறி, மோர் மாதிரி நீர்த்து, வந்த வழியே திரும்பி நழுவியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்," என்றேன் நான்.

"படலம் தாங்குமுங்களாண்ணா?"

"தாங்கும்லா."

இந்த ஊர்ப் பேச்சு ஒட்டவைக்கும் அந்த 'லா' இன்னும் என் நாக்கிலேயே கிடக்கிறது. எத்தனை இலகுவாகச் சொன்னேன், கடையில் பரோட்டாவுக்கு இன்னொரு கரண்டி சால்னா கேட்பதுபோல.

அவன் வேலியை அகட்டினான். டெஸ்ட் பெஞ்சில் எண்கள் அழகாக ஏறின. மேலாளர் என் தோளில் தட்டினார். பேருந்து நிறுவனத்து ஆட்கள் மறுநாள் வருவதாக ஏற்பாடு. எண்களைப் பார்ப்பார்கள், சத்தத்தைக் கேட்பார்கள், பம்ப்பைத் திறக்கச் சொல்லமாட்டார்கள். திறக்க வேண்டாம் என்றுதான் மேலாளரும் சொல்லியிருந்தார். எனக்குத்தான் கை சும்மா இருக்காது. மத்தியானம், சாப்பிட்ட கையோடு, போல்ட்டுகளைக் கழற்றினேன். தம்பி பக்கத்தில் துணியோடு நின்றான்.

தகட்டின் வெண்கல முகத்தில், எண்ணெய் உள்ளே வரும் பக்கமாக, பழுப்பாய் ஒரு தீற்றல். நகத்தால் வருடினேன். சொரசொரத்தது. படலம் கிழிந்திருக்கிறது. இப்போது லேசாக, ஒரு வருஷம் ஓடினால் தகடு பிடித்துக்கொள்ளும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். பேருந்து நிறைய ஆட்கள்.

"தேய்ச்சு விட்டா நாளைக்குத் தெரியாதுங்கண்ணா," என்றான்.

நான் தகட்டை விளக்குக்கு நேரே திருப்பினேன்.

"பாப்பாவுக்கு ஜனவரில ஸ்கூலுங்கண்ணா."

அவ்வளவுதான் கேட்டான். கேட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் வந்தது. அது நிற்பதற்குள் நான் மேலாளர் அறையில் இருந்தேன். அவன் முகத்தை இன்னொரு முறை பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேனோ என்னவோ. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் போனேன்.

தகட்டை அவர் மேசையில் வைத்துக் காட்டினேன். "இறுக்கச் சொன்னது நான்தான்," என்றும் சொன்னேன்.

"யார் சொன்னதுன்னு நான் கேட்கலையே," என்றார் மேலாளர், ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல். "அவங்க காத்திருக்க மாட்டாங்க. வேற இடத்துல வாங்கிக்குவாங்க."

அப்படியே ஆயிற்று. பேருந்து நிறுவனத்து ஆர்டர் போனது. தம்பியின் ஒப்பந்தமும், இங்கே தங்கும் அனுமதியும் அதோடு முடிந்தன. நான் நிரந்தரம், இந்த ஊர்க்காரன். வரைய வேறு பம்ப்புகள் இருந்தன. குவீன்ஸ்டவுனில் என் வீட்டு ஜன்னலில் எப்போதும்போல் விடிந்தது.

அவன் போவதற்கு முந்தைய வாரம் வேலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வரைந்து, புதுத் தகடு வெட்டி, இருவருமாகக் கோத்து ஓட்டினோம். யாரும் கேட்காத பம்ப். கொஞ்சம் கசிந்தது, கொஞ்சம் உராய்ந்தது, இரண்டும் அளவோடு. முழு வேகத்தில் ஓட்டி, பிறகு திறந்து பார்த்தோம். வெண்கலம் கழுவிய முகம்போல இருந்தது.

"இப்ப சரியா ஓடுதுங்கண்ணா," என்று சிரித்தான். மனசாரத்தான் சிரித்தான். அவன் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், இரவு தூங்கியுமிருப்பேன். சரியாகத்தானே செய்தாய் என்று என் மனைவி சொல்கிறாள். சரிதான். சரியாகச் செய்தவனுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

கடைசி ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டார்கள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் வாடகை வீடு. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கி எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது. அவன் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தட்டு வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பரிமாறினாள்.

பாதிச் சாப்பாட்டில் உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். பள்ளிச் சீருடை, இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

"உங்க தங்கச்சி பாப்பாவும் வர்ற வருஷம் ஸ்கூல் போறாளாமுங்களே. இவருதான் சொன்னாரு. அவளுக்கு ஆகுமுங்களாண்ணா? ஊருக்குத் தூக்கிட்டுப் போயி என்ன பண்றது."

இங்கே பள்ளிக்குப் பள்ளி நிறம் வேறு, தையல் வேறு, சின்னம் வேறு. தங்கை மகள் போகப்போவது குவீன்ஸ்டவுனில் வேறொரு பள்ளி. இது அவளுக்கு எதற்குமே ஆகாது. தம்பிக்கு அது தெரியும். டேப் கிழிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"ஆகும்மா," என்றேன். "அளவு சரியா இருக்கும்."

"அப்ப நல்லதாப் போச்சுங்க," என்று பையை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.